ஒருமுறை பகுத்த கான்ஃபிக் எவ்வளவு காலம் செல்லும்?

கேள்வி: பினாங்கில் உள்ள சிறு தங்கும் விடுதிகளுக்கு அறைப் பதிவும் பில்லும் போடும் மென்பொருளைப் பிஎச்பியில் எழுதி வருகிறோம். வரி விகிதம், சேவைக் கட்டணம், பில்லின் தலைப்பு, மின்னஞ்சல் சர்வரின் முகவரி எல்லாம் ஒரே கான்ஃபிக் (அமைப்பு) கோப்பில், யாமல் என்ற எழுத்து வடிவில் இருக்கின்றன. ஒவ்வொரு கோரிக்கை வரும்போதும் அந்தக் கோப்பைத் திறந்து, பகுத்து, மதிப்புகளை எடுக்கிறோம். ஒருமுறை பகுத்துக் கேஷில் (மறுபடி எடுக்க வைக்கும் தற்காலிகச் சேமிப்பில்) வைத்தால் போதும் என்கிறார் உடன் பணிபுரியும் தோழி. கோரிக்கைதோறும் புதிதாகப் படித்தால்தான் மாற்றம் உடனே தெரியும் என்கிறார் எங்கள் குழுத் தலைவர். யார் சொல்வது சரி?
*வாசகர், பாயான் லெப்பாஸ்*

பதில்: இருவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. தோழி செலவைப் பற்றிப் பேசுகிறார், தலைவர் புதிய மதிப்பு உடனே கிடைப்பதைப் பற்றிப் பேசுகிறார். இரண்டையும் ஒருசேரப் பெற வழி உண்டு. ஆனால் அந்த வழியைச் சொன்ன பிறகும் உங்கள் பில்லில் தவறு வர இடம் இருக்கும் என்பதால், சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

கோப்பிலிருந்து மதிப்பை எடுப்பதில் மூன்று படிகள் உள்ளன. வட்டிலிருந்து எழுத்துகளை எடுப்பது முதல் படி. அண்மையில் படித்த கோப்புகளை லினக்ஸ் நினைவகத்திலேயே வைத்திருப்பதால் இதற்குப் பெரிய செலவில்லை. அந்த எழுத்துகளைப் பகுத்து அரேக்களாக (மதிப்புகளின் பட்டியல்களாக) மாற்றுவது இரண்டாவது படி. ஒவ்வோர் எழுத்துவரியின் தொடக்கத்திலும் விடும் இடைவெளியையெல்லாம் கணக்கில் கொள்ள வேண்டிய யாமலுக்கு இந்தப் படி கனமானது. கிடைத்த மதிப்பு எண்தானா, எல்லைக்குள் இருக்கிறதா, விடுபட்டது எதுவும் உண்டா என்று சரிபார்ப்பது மூன்றாவது. கோப்பு மாறாதவரை இரண்டாவது படியும் மூன்றாவது படியும் எல்லாக் கோரிக்கைகளுக்கும் ஒரே விடையைத்தான் தரப் போகின்றன. அதைக் கோரிக்கைதோறும் திரும்பச் செய்வது வீண் என்பதில் உங்கள் தோழியின் பக்கமே நான் நிற்கிறேன்.

ஆனால் பிஎச்பியில் கேஷ் செய்வதற்கு ஒரு தனித்தன்மை உண்டு. வழக்கமான பிஎச்பி-எஃப்பிஎம் (பிஎச்பி கோரிக்கைகளை நிர்வகிக்கும் சர்வர் நிரல்) ஓட்டத்தில், ஒரு கோரிக்கை முடிந்தவுடன் அதில் உருவான மாறிகள் அனைத்தும் அழிக்கப்படுகின்றன. மதிப்பை ஸ்டாட்டிக் மாறியில் போட்டு வைத்தாலும் அதன் ஆயுள் அந்தக் கோரிக்கையோடு முடிந்துவிடும். எனவே யாமல் கோப்பை வெளியீட்டின்போதே (மென்பொருளைச் சர்வரில் ஏற்றும்போதே) ஒருமுறை பகுத்து, சரிபார்த்து, ஓர் அரேயைத் திருப்பித் தரும் சாதாரணப் பிஎச்பி கோப்பாக எழுதிவிடுங்கள். 2013இல் வந்த பிஎச்பி 5.5 முதல் உடன் வரும் ஓபிகேஷ், தொகுக்கப்பட்ட அந்தக் கோப்பை எல்லாப் புரோசஸ்களுக்கும் (ஓடிக்கொண்டிருக்கும் நிரல்களுக்கும்) பொதுவான நினைவகத்தில் வைத்துக்கொள்கிறது. பிஎச்பி 7 முதல், மாறிலிகள் மட்டுமே கொண்ட அரேயைக் கோரிக்கைதோறும் நகலெடுக்காமல் அந்தப் பொது நினைவகத்திலிருந்தே பயன்படுத்தவும் முடிகிறது. பிஎச்பி சட்டகமான லாராவெலின் கான்ஃபிக்-கேஷ் கட்டளை செய்வதும் இதையேதான். (அந்தக் கட்டளையை ஓட்டிய பிறகு லாராவெல் என்வி கோப்பை (சூழல் மதிப்புகளை எழுதி வைக்கும் கோப்பு) ஏற்றுவதில்லை. ஆகையால் கான்ஃபிக் கோப்புகளுக்கு வெளியே என்வி செயற்கூற்றை நேரடியாக அழைத்திருந்தால், அந்தக் கோப்பில் மட்டும் இருக்கும் மதிப்புகள் கிடைக்காமல் போகும். முதல்முறை இதைச் செய்பவர்கள் பெரும்பாலும் தடுமாறும் இடம் இது.)

உடனடி மாற்றம் வேண்டும் என்ற தலைவரின் கவலைக்கும் ஓபிகேஷே விடை வைத்திருக்கிறது. அந்தப் பிஎச்பி கோப்பின் நேரமுத்திரையை (கடைசியாக மாறிய நேரத்தை) சோதிக்கும் அமைப்பு இயல்பாகவே இயங்கும் நிலையில்தான் வருகிறது. சோதனை இடைவெளி 2 வினாடி. வேகத்திற்காகச் சோதனையை அறவே நிறுத்தியிருந்தால், ஒவ்வொரு மாற்றத்திற்குப் பிறகும் எஃப்பிஎம்மை ரீலோட் செய்யும் கட்டளையை வெளியீட்டு ஸ்கிரிப்டிலேயே சேர்த்துவிடுங்கள்.

இனிப் பில்லுக்கு வருவோம். ஓர் அறையின் ஓரிரவு வாடகை 300 ரிங்கிட் என்று கொள்வோம். சேவை வரி 6 விழுக்காடாக இருந்தால் 18 ரிங்கிட், 8 விழுக்காடாக இருந்தால் 24 ரிங்கிட். உங்கள் நிரல் ஒரே கோரிக்கைக்குள் கான்ஃபிக்கை இருமுறை படிக்கிறது என்று வையுங்கள்: வரித்தொகையைக் கணக்கிடும்போது ஒருமுறை, பில்லின் அடியில் விகிதத்தை அச்சிடும்போது ஒருமுறை. இடையில் யாராவது கோப்பை மாற்றினால், "சேவை வரி 8%" என்று எழுதி அதற்கு நேரே 18 ரிங்கிட் என்று காட்டும் பில் விருந்தினர் கைக்குப் போகும். எப்போதும் புதிதாகப் படிக்க வேண்டும் என்ற கொள்கையை எல்லை மீறிக் கடைப்பிடித்தால் வரும் பிழை இது. கோரிக்கை தொடங்கும்போது பகுத்து முடித்த கான்ஃபிக் பொருளை ஒருமுறை கையில் எடுத்துக்கொண்டு, அந்தக் கோரிக்கை முடியும்வரை அதையே எல்லாச் செயற்கூறுகளுக்கும் கொடுங்கள். பகுத்தல் கோப்பின் ஒரு பதிப்புக்கு ஒருமுறை நடக்கட்டும், பிடித்து வைத்தல் கோரிக்கைக்கு ஒருமுறை நடக்கட்டும்.

இவ்வளவு செய்தும் வரி விகிதம் சரியாக வராது என்பதையே முக்கியமாகச் சொல்ல விரும்புகிறேன். 2024 மார்ச் 1 அன்று சேவை வரி 6இலிருந்து 8 விழுக்காடாக உயர்ந்தது. அறை வாடகை அதில் அடங்கும், உணவும் பானமும் 6 விழுக்காட்டிலேயே நின்றன. ஒரு விருந்தினர் 2024 பிப்ரவரி 28 அன்று வந்து மார்ச் 2 அன்று காலை அறையைக் காலி செய்தார் என்று கொள்ளுங்கள். அவர் தங்கியவை மூன்று இரவுகள். பிப்ரவரி 28, 29 இரவுகளுக்குத் தலா 18 ரிங்கிட், மார்ச் 1 இரவுக்கு 24 ரிங்கிட், ஆக 60 ரிங்கிட் வரி. கான்ஃபிக்கில் ஒற்றை எண்ணாக விகிதத்தை வைத்திருக்கும் மென்பொருள், கேஷ் இருந்தாலும் இல்லாவிட்டாலும், 54 என்றோ 72 என்றோதான் சொல்லும். பிப்ரவரி மாதப் பில்லை ஏப்ரலில் திருத்தி மறுபடி அச்சிடச் சொன்னாலும் இதே கதிதான்.

விகிதத்தைத் தீர்மானிப்பது சேவை வழங்கப்பட்ட நாளும் சேவையின் வகையும். கணினி எந்த நொடியில் கணக்குப் போடுகிறது என்பதற்கு அதில் இடமில்லை. ஆகையால் அதைக் கான்ஃபிக் கோப்பிலிருந்து எடுத்து, "எந்த நாளிலிருந்து, எந்தச் சேவைக்கு, எவ்வளவு" என்ற மூன்று பத்திகள் கொண்ட அட்டவணைக்கு மாற்றுங்கள். நம் நாட்டில் இது அடிக்கடி மாறியிருக்கிறது: 2015 ஏப்ரல் 1 அன்று பொருள் சேவை வரி 6 விழுக்காட்டில் வந்தது, 2018 ஜூன் 1 அன்று அது சுழியமாக்கப்பட்டது, அதே ஆண்டு செப்டம்பர் 1 அன்று விற்பனை, சேவை வரி திரும்பியது, பிறகு 2024 மாற்றம். அட்டவணையாக மாற்றிய பிறகு, உங்கள் அலுவலகத்தில் நடக்கும் வாதத்திற்குப் பெரும்பாலும் தேவையே இருக்காது. 8 விழுக்காடாக உயரும் என்பது 2023 அக்டோபர் 13 அன்று தாக்கலான வரவு செலவுத் திட்டத்திலேயே அறிவிக்கப்பட்டது. புதிய வரிசையை அட்டவணையில் சேர்க்க நான்கு மாதங்களுக்கு மேல் அவகாசம் இருந்தது. முன்கூட்டியே சேர்த்துவிட்ட அட்டவணையை நாள்கணக்கில் கேஷில் வைத்திருந்தாலும் நள்ளிரவில் யாரும் எந்தக் கோப்பையும் மாற்ற வேண்டியதில்லை.

சுற்றுலா வரியையும் இதே கண்ணோடு பாருங்கள். அறைக்கு, இரவுக்கு 10 ரிங்கிட் என்ற தொகை அட்டவணைக்கு உரியது. விருந்தினர் வெளிநாட்டவரா என்பது கோரிக்கையோடு வரும் செய்தி. இரண்டையும் சேர்த்துக் கிடைக்கும் விடையை எங்கும் கேஷ் செய்யாதீர்கள்.

கேள்வி: பினாங்கிலும் கெடாவிலும் உள்ள அலுவலகங்களுக்குப் பொதிகளைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் சேவைக்கு லாராவெலில் மென்பொருள் வைத்திருக்கிறோம். வேகத்திற்காக லாராவெலின் ஆக்டேன் தொகுப்புக்கு மாறிய பிறகு, கெடாவின் சுங்கைப் பட்டாணியில் உள்ள மாநில அரசு அலுவலகத்திற்குச் சில வேளைகளில் "வெள்ளிக்கிழமை வந்து சேரும்" என்று காட்டுகிறது. பக்கத்தைப் புதுப்பித்தால் சரியாகிவிடுகிறது. நிரலில் ஒரு வரிகூட மாற்றவில்லை.
*வாசகி, பட்டர்வொர்த்*

பதில்: நிரல் மாறவில்லை, அது வாழும் இடம் மாறியிருக்கிறது. முந்தைய பதிலில் சொன்னதுபோல, வழக்கமான பிஎச்பியில் ஒவ்வொரு கோரிக்கையும் வெற்று நினைவகத்தோடு தொடங்கும். ஆக்டேனில் ஒரு வொர்க்கர் புரோசஸ் உயிரோடு இருந்து, அடுத்தடுத்து வரும் பல கோரிக்கைகளுக்கு விடை சொல்கிறது. ஒரு கோரிக்கைக்குள் மட்டும் வாழ வேண்டும் என்று எண்ணி நீங்கள் வைத்த மதிப்பு இப்போது வொர்க்கரின் ஆயுள் முழுவதும் வாழ்கிறது.

வார ஓய்வுநாளைக் கணக்கிடும் வகுப்பில் அநேகமாக ஒரு ஸ்டாட்டிக் பண்பு இருக்கும்: "ஏற்கெனவே கணக்கிட்டிருந்தால் அதையே திருப்பிக் கொடு" என்ற பாணியில் எழுதப்பட்டிருக்கும். பினாங்கில் ஓய்வு சனி, ஞாயிறு. கெடாவில் வெள்ளி, சனி. ஒரு வொர்க்கருக்கு முதலில் வந்த கோரிக்கை பினாங்கிலிருந்து என்றால், அந்த வொர்க்கர் சனி, ஞாயிறு என்று மனத்தில் பதித்துக்கொள்ளும். அதன் பிறகு கெடாவிலிருந்து வரும் கோரிக்கைக்கும் அதையே சொல்லும். புதுப்பிக்கும்போது சரியாவதற்குக் காரணம், அடுத்த கோரிக்கை வேறொரு வொர்க்கரிடம் போய்ச் சேர்வதுதான். லாராவெலின் சொந்தக் கான்ஃபிக் களஞ்சியத்தை ஆக்டேன் ஒவ்வொரு கோரிக்கைக்கும் நகலெடுத்துத் தருகிறது. உங்கள் வகுப்புகளில் உள்ள ஸ்டாட்டிக் பண்புகளை அது தொடுவதில்லை.

கேஷை நீக்க வேண்டாம், அதன் சாவியை (மதிப்பைத் தேடி எடுக்கும் பெயரை) திருத்துங்கள். சாவியில் மாநிலத்தின் குறியீடு இருக்கட்டும், தேதியும் இருக்கட்டும். ஜொகூர் 2014 ஜனவரி 1 முதல் வெள்ளி, சனிக்கு மாறி, 2025 ஜனவரி 1 முதல் மீண்டும் சனி, ஞாயிறுக்குத் திரும்பியது. நாளை உங்கள் சேவை அங்கே விரிந்தால், பழைய பதிவுகளைப் பார்க்கும்போது இது குறுக்கே வரும். "இப்போதைய மாநிலம்" என்ற ஒன்றைப் புரோசஸ் அளவில் எங்கும் வைக்காதீர்கள். அது கோரிக்கையின் உடைமை, செயற்கூறுக்கு வாதமாகவே போக வேண்டும்.

இந்த வகைப் பிழையைச் சோதனையில் பிடிப்பதற்கு எளிய வழி உண்டு. வொர்க்கர் எண்ணிக்கையை ஒன்றாகக் குறைத்து, பினாங்கு, கெடா, மறுபடி பினாங்கு என்ற வரிசையில் கோரிக்கைகளை அனுப்புங்கள். பல வொர்க்கர்கள் இருக்கும்போது எப்போதாவது தலைகாட்டும் பிழை, ஒரே வொர்க்கரில் ஒவ்வொரு முறையும் தவறாமல் வெளிப்படும். இந்தச் சோதனையை வெளியீட்டுக்கு முன் தானாக ஓடும்படி வைத்துவிட்டால், இதே இனத்தைச் சேர்ந்த வேறு பிழைகளும் அகப்படும்.

கேள்வி: மைக்ரோசாஃப்டின் வலைச் சட்டகமான ஏஎஸ்பி டாட் நெட் கோரில் கான்ஃபிக்கை வாங்க ஐ-ஆப்ஷன்ஸ், ஐ-ஆப்ஷன்ஸ்-ஸ்னாப்ஷாட், ஐ-ஆப்ஷன்ஸ்-மானிட்டர் என மூன்று இருக்கின்றன. எதை எப்போது பயன்படுத்துவது?
*வாசகர், பங்சார், கோலாலம்பூர்*

பதில்: பாயான் லெப்பாஸ் வாசகரின் குழுவில் எழுந்த வாதத்தையே இந்தச் சட்டகத்தை அமைத்தவர்கள் மூன்று வகைகளாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள் எனலாம். ஐ-ஆப்ஷன்ஸ் முதல் பயன்பாட்டில் மதிப்பைக் கட்டியமைத்து, புரோசஸ் முடியும்வரை அதையே தரும். கோப்பு மாறினாலும் கண்டுகொள்ளாது. ஸ்னாப்ஷாட் ஒவ்வொரு கோரிக்கைக்கும் புதிதாகக் கட்டியமைக்கிறது. அந்தக் கோரிக்கை முடியும்வரை மதிப்பு மாறாது, அதற்கு விலையாகக் கட்டியமைக்கும் வேலை கோரிக்கைதோறும் நடக்கிறது. மானிட்டர் புரோசஸ் அளவில் ஒன்றாகவே இருந்து, மாற்றம் வரும்போது மதிப்பைப் புதுப்பித்துக்கொள்கிறது.

தரவுத்தள இணைப்பு போன்று, மாறினால் எப்படியும் சர்வரை மறுதொடக்கம் செய்யப் போகிறவற்றுக்கு ஐ-ஆப்ஷன்ஸ் போதும். கோரிக்கைகள் குறைவாக வரும் நிர்வாகப் பக்கங்களுக்கு ஸ்னாப்ஷாட் நன்று. ஆனால் அதைச் சிங்கிள்டன் (புரோசஸ் முழுவதற்கும் ஒன்றே இருக்கும்) சேவைக்குள் செலுத்த முடியாது. நெரிசலான பாதைகளில் நான் மானிட்டரையே விரும்புவேன். அதிலும் ஒரு கவனம் தேவை: அதன் கரன்ட்-வேல்யூவை (நடப்பு மதிப்பை) ஒரே கோரிக்கைக்குள் இரண்டு இடங்களில் கேட்டால், இரண்டு வேறு மதிப்புகள் கிடைக்க வாய்ப்புண்டு. கோரிக்கையின் தொடக்கத்தில் ஒருமுறை கேட்டு உள் மாறியில் வைத்துக்கொண்டால், ஸ்னாப்ஷாட்டின் உறுதியை அதன் செலவின்றிப் பெறலாம். கோப்பு ஒருமுறை மாறியதற்கே மாற்றத்தை அறிவிக்கும் ஆன்-சேஞ்ச் நிகழ்வு இருமுறை எழுவதுண்டு. அதில் எழுதும் நிரல், இரண்டாம் முறை ஓடினாலும் கேடு விளைவிக்காததாக இருக்க வேண்டும்.

கேள்வி: கோ மொழியில் ஒரு சிறு சர்வர் எழுதுகிறேன். கான்ஃபிக்கைப் பொது மாறியில் வைத்து, கோப்பு மாறும்போது அதன் புலங்களை ஒவ்வொன்றாகத் திருத்துகிறேன். ரேஸ் டிடெக்டர் (ஒரே மாறியைப் பல இடங்கள் ஒரே நேரத்தில் தொடுவதைக் கண்டுபிடிக்கும் கருவி) பிழை காட்டுகிறது. பூட்டுப் போட வேண்டுமா?
*மாணவர், குளுகோர், பினாங்கு*

பதில்: பூட்டும் போடலாம். அதைவிட நல்ல வழி, பகுத்து முடித்த கான்ஃபிக்கை அதன் பிறகு யாரும் தொடாமல் விடுவது. மாற்றம் வந்தால் புதிய பொருளை முழுமையாக உருவாக்கி, சரிபார்த்து, கடைசியில் அதைச் சுட்டும் பாயின்டரை மட்டும் அணுநிலைச் செயலால் (இடையில் பிளக்க முடியாத ஒரே செயலால்) மாற்றுங்கள். கோ 1.19இல் வந்த அட்டாமிக் பாயின்டர் இதற்கென்றே அமைந்ததுபோல் பொருந்தும். பழைய பாயின்டரை ஏற்கெனவே கையில் வைத்திருக்கும் கோரிக்கை பழைய மதிப்புகளோடு முடியும், புதிய கோரிக்கை புதியவற்றோடு தொடங்கும், பாதி பழையதும் பாதி புதியதுமான கான்ஃபிக்கை யாரும் காண மாட்டார்கள்.

வலைச் சர்வரான என்ஜின்எக்ஸ் இதே ஒழுங்கைப் புரோசஸ் அளவில் கடைப்பிடிப்பதை நீங்களே உங்கள் கணினியில் பார்க்கலாம். அதற்கு ஹப் சிக்னல் (கான்ஃபிக்கை மறுபடி படிக்கச் சொல்லும் குறிப்பு) அனுப்பினால், தலைமைப் புரோசஸ் புதிய கான்ஃபிக்கைப் படித்துச் சரிபார்க்கிறது. பிழை இருந்தால் பழையதோடே தொடர்கிறது. சரியாக இருந்தால் புதிய வொர்க்கர்களைத் தொடங்கி, பழைய வொர்க்கர்களிடம் கையிலுள்ள வேலையை முடித்துவிட்டு ஓய்வுபெறச் சொல்கிறது. உங்கள் சர்வரும் தவறான கோப்பைக் கண்டால் பழைய கான்ஃபிக்கோடு தொடர வேண்டும், ஆனால் அதை லாக் பதிவேட்டில் உரக்கச் சொல்ல வேண்டும்.

மற்றொன்று: கோப்பை எழுதுபவர் எழுதி முடிப்பதற்குள் உங்கள் சர்வர் படித்துவிடக் கூடும். தற்காலிகப் பெயரில் முழுவதும் எழுதி, பிறகு அதே கோப்பு முறைமைக்குள் பெயர் மாற்றினால் இந்தத் தொல்லை இருக்காது. லினக்ஸில் அவ்வாறு பெயர் மாற்றுவது பிளவில்லாத ஒரே செயலாக நடக்கிறது. அப்படி மாற்றும்போது கோப்பின் ஐநோட் எண்ணும் (கோப்பு முறைமை கோப்பை அடையாளம் காணும் எண்) மாறிவிடும். ஐநோட்டிஃபை (கோப்பு மாற்றங்களை அறிவிக்கும் லினக்ஸ் வசதி) வழியாகக் கண்காணிக்கிறவர்கள் கோப்பை விட்டுவிட்டு அது இருக்கும் அடைவைக் கண்காணிப்பது நல்லது.

கேள்வி: கன்டெய்னர்களை நிர்வகிக்கும் குபெர்னெட்டிஸில் கான்ஃபிக்மேப்பை (அது வைத்திருக்கும் கான்ஃபிக் மதிப்புகளை) மாற்றியும் பழைய மதிப்பே வருகிறது. எங்கள் கேஷ்தான் காரணமா?
*வாசகி, செந்தூல்*

பதில்: கேஷைச் சந்தேகிக்கும் முன், கான்ஃபிக்மேப் பாடுக்குள் (கன்டெய்னர்கள் ஓடும் அலகுக்குள்) எப்படி வருகிறது என்று பாருங்கள். சூழல் மாறியாகக் கொடுத்திருந்தால், கன்டெய்னர் மறுபடி தொடங்கும்வரை மதிப்பு மாறாது. வால்யூமாக இணைத்திருந்தால் சற்றுத் தாமதத்தோடு மாறும். சப்பாத் (வால்யூமின் ஒரு பகுதியை மட்டும் இணைக்கும் முறை) கொண்டு இணைத்திருந்தால் அந்தப் புதுப்பிப்பும் வந்து சேராது. கோப்பு பாடுக்குள் உண்மையில் மாறியிருப்பதை உள்ளே நுழைந்து கண்ணால் பார்த்த பிறகும் பழைய மதிப்பு வந்தால், அப்போது உங்கள் நிரலின் கேஷைத் தேடுங்கள்.

கேள்வி: தரவுத்தளத்திலிருந்து எடுக்கும் அமைப்புகளை ஒவ்வொரு சர்வரின் நினைவகத்திலும் ஐந்து நிமிடத்திற்கு வைத்துக்கொள்கிறோம். இது போதுமா?
*வாசகர், பிரிக்பீல்ட்ஸ்*

பதில்: எதை வைத்திருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. ஒவ்வொரு சர்வரின் ஐந்து நிமிடமும் வெவ்வேறு நொடியில் முடிவதால், ஒரு மாற்றத்திற்குப் பிறகு சில சர்வர்கள் புதியதையும் சில பழையதையும் சொல்லும். அறிவிப்புப் பட்டையின் வாசகமோ பக்கத்திற்கு எத்தனை பொருள்களைக் காட்டுவது என்பதோ அப்படி இருந்தால் குடி முழுகிப் போகாது. விலையாக இருந்தால், பட்டியல் பக்கத்தில் ஒரு தொகையைப் பார்த்தவர் பணம் செலுத்தும் பக்கத்தில் வேறொரு தொகையைப் பார்ப்பார். அத்தகைய மதிப்புகளுக்கு ஒரு பதிப்பு எண் கொடுங்கள். வாடிக்கையாளர் பொருளைக் கூடையில் இட்ட நேரத்துப் பதிப்பு எண்ணைக் கூடையோடு சேர்த்துச் சேமியுங்கள். பணம் செலுத்தும்போது எந்தச் சர்வர் விடை சொன்னாலும், தன் நினைவகத்தில் அந்தப் பதிப்பு இல்லாவிட்டால் தரவுத்தளத்தில் அதைத் தேடி எடுக்கட்டும். விலை இடையில் மாறியிருந்தால், வாடிக்கையாளருக்கு அதை வெளிப்படையாகக் காட்டி ஒப்புதல் கேட்ட பிறகே தொகையைப் பற்று வைக்கட்டும்.